கோரைக்கிழங்கும் கொடியின் மொட்டும்

ராயப்பன்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு செடிகள் இரண்டு விதமாக மறுபடி தழைக்கின்றன. ஒன்று கோரை. மேலே தெரியும் புல்லை எத்தனை முறை செதுக்கினாலும், களைக்கொல்லி அடித்துக் கருக்கினாலும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அது திரும்ப வரும். கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. மற்றொன்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. கவாத்து முடிந்த கொடியில் எந்த மொட்டு தளிர்விடும், எதில் குலை பிடிக்கும் என்று வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. நுனியை வெட்டினால் அதுவரை அடங்கிக் கிடந்த மொட்டு எழும். இன்னும் ஒட்ட வெட்டினால், முதிர்ந்த தண்டில் ஆண்டுக்கணக்கில் உறங்கிய மொட்டும் விழித்துக்கொள்ளும். சிகிச்சைக்குப் பிறகும் புற்றுநோய் ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு, கடந்த இருபது ஆண்டுகளாகச் சொல்லப்படும் விடை கோரைக்கிழங்கைப் போன்றது. கிடைத்திருக்கும் சான்றுகளோ கொடியின் மொட்டுப் பக்கமே சாய்கின்றன என்பது என் கட்சி.

விடையை முதலில் நியாயமாகச் சொல்லிவிடலாம். ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே தரத்தவை இல்லை. பெரும்பாலானவை சில முறை பிளந்து ஓய்ந்துவிடும். மிகச் சிலவே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு, கட்டி முழுவதையும் மீண்டும் கட்டியெழுப்பும் ஆற்றல் கொண்டவை. நம் எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை ஊறச்செய்யும் குருத்தணுக்களை, நாளிதழ்கள் ஸ்டெம் செல் என்று எழுதுகின்றனவே, அவற்றை ஒத்திருப்பதால் இவற்றுக்குப் புற்றுக் குருத்தணு என்று பெயர். கீமோதெரபி வேகமாகப் பிளக்கும் செல்களை அழிக்கிறது. மெதுவாகப் பிளக்கும் இந்தக் 'கிழங்கு' தப்பிவிடுகிறது. ஆகவே கிழங்கை அடையாளம் காட்டும் ஒரு குறிப்பான், அதாவது மார்க்கர், கிடைத்துவிட்டால் அதையே குறிவைத்து அழிக்கலாம். கேட்பதற்கு இவ்வளவு ஒழுங்கான கருத்து மருத்துவத்தில் அபூர்வம். அந்த ஒழுங்கே நம்மைக் கொஞ்சம் உஷாராக்கியிருக்க வேண்டும்.

கனடாவின் டொரான்டோவில் ஜான் டிக் குழு 1994-இல் இரத்தப் புற்றில் இதைக் காட்டியது. கட்டியாகத் திரளும் புற்றுக்கு இந்தக் கருத்து வந்துசேர்ந்த ஆண்டு 2003. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா முதலியோர் மார்பகப் புற்றுச் செல்களை அவற்றின் மேற்பரப்புப் புரதங்களை வைத்துப் பிரித்து, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குச் செலுத்தினார்கள். சி.டி.44 மிகுந்தும் சி.டி.24 குறைந்தும் இருந்த செல்கள் வெறும் நூறு போதும், கட்டி வளர்ந்தது. மற்ற வகைச் செல்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தியும் வளரவில்லை. அடுத்த ஆண்டு மூளைக்கட்டியில் சி.டி.133, 2007-இல் பெருங்குடல் புற்றிலும் அதே சி.டி.133, தலை-கழுத்துப் புற்றில் சி.டி.44, மார்பகத்தில் ஏ.எல்.டி.எச்.1 என்னும் நொதி எனப் பட்டியல் நீண்டது. இந்தியாவும் பின்தங்கவில்லை. 2005-இல் புனே தேசிய செல் அறிவியல் மையத்தின் ஷர்மிளா பாபட் குழு சூலகப் புற்றிலிருந்து குருத்தணுத் தன்மை கொண்ட செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டியது. அடுத்த ஆண்டில் சென்னை சங்கர நேத்ராலயாவின் கிருஷ்ணகுமார் குழு, குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஏ.பி.சி.ஜி.2, எம்.சி.எம்.2 என்ற இரு குறிப்பான்களை ஆராய்ந்து வெளியிட்டது.

இந்தப் பரிசோதனைகளில் உண்மையில் அளக்கப்பட்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதக் கட்டியிலிருந்து பிரித்த செல், தனக்கு அந்நியமான எலியின் உடலில், எஞ்சியிருக்கும் எதிர்ப்பாற்றலைத் தாண்டி, துணைக்கு ஆளில்லாமல் பிழைத்துப் பெருகுகிறதா என்பதுதான் அளக்கப்பட்டது. சொந்தக் கட்டிக்குள் அந்தச் செல் என்ன செய்துகொண்டிருந்தது என்பது வேறு கேள்வி. விதை முளைக்கவில்லை என்றால் குறை விதையிலா மண்ணிலா என்று எந்தச் சம்சாரியும் கேட்பார். அந்தக் கேள்வியை 2008-இல் கேட்டவர் ஷான் மாரிசன். 2003-இன் மார்பகப் புற்றுக் கட்டுரையில் இடம்பெற்ற பெயர்களில் அவருடையதும் ஒன்று என்பது விஞ்ஞானத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தி. மெலனோமா என்னும் தோல் புற்றை அதுவரை வழக்கத்திலிருந்த எலியில் சோதித்தால், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களில் ஒன்றுதான் கட்டியாயிற்று. எதிர்ப்பாற்றல் இன்னும் முழுமையாக நீக்கப்பட்ட எலி, செல்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதக் கூழ், காத்திருக்கக் கூடுதல் காலம் ஆகியவற்றைக் கொடுத்ததும், தனித்தனியாகச் செலுத்திய செல்களிலேயே சராசரியாக 27 சதவீதம் கட்டியாக வளர்ந்தன. பல லட்சத்தில் ஒன்றாக இருந்த 'கிழங்கு' நாலில் ஒன்றாகிவிட்டது. 2010-இல் அதே குழு 22 குறிப்பான்களை எடுத்துப் பார்த்தது. கட்டியாக்கும் செல்லையும் ஆக்காத செல்லையும் பிரித்துக்காட்ட அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. எல்லாப் புற்றும் மெலனோமா போன்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் அபூர்வம் என்று நாம் நினைத்தது செல்லின் குணமா, சோதனையின் குணமா என்பதை ஒவ்வொரு புற்றிலும் தனியாக நிறுவியாக வேண்டும் என்றாயிற்று.

சி.டி.133-இன் கதை இன்னும் சிக்கலானது. மூளைக்கட்டியில் அது இருக்கும் செல்லே குருத்தணு என்றார்கள். 2008-இல் பெருங்குடல் புற்றின் ஈரல் பரவல்களை ஆராய்ந்தபோது, அது உள்ள செல்லும் இல்லாத செல்லும் எலியில் கட்டியை உண்டாக்கின. நோயற்ற குடலின் முதிர்ந்த செல்களிலும் அந்தப் புரதம் பரவலாக இருந்தது. 2010-இல் குழப்பத்தின் ஒரு காரணம் வெளிப்பட்டது. ஆய்வகங்கள் பயன்படுத்திய எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி, பிடித்துக்கொள்வது புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை. செல் முதிரும்போது புரதம் அங்கேயே இருந்தும், அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அமையும் விதம் மாறுவதால் அந்த வடிவம் மறைந்துவிடுகிறது. ஆள் வீட்டுக்குள் இருக்க, வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டதால் வீடு காலி என்று எழுதிவிட்டுப் போன கணக்கெடுப்பு அது. ரெட்டினோபிளாஸ்டோமாவிலோ விஷயம் தலைகீழாகிறது. ஐதராபாத்தில் கீதா வேமுகண்டி குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குருத்தணுத் தன்மை தெரிந்தது சி.டி.133 குறைவாக உள்ள செல்களில். ஒரே புரதம் ஓரிடத்தில் இருப்பதால் அடையாளம், இன்னோரிடத்தில் குறைவதால் அடையாளம் என்றால், அது தனியாக எதையும் சொல்லவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதை எச்சரிக்கையோடு அணுகிய ஒரு பணி நம் தேனி மாவட்டத்தின் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் வி.ஆர். முத்துக்கருப்பன் வழிகாட்ட, அர்பிதா முதலியோர் 2005-இல் வெளியிட்ட கட்டுரை புற்றைப் பற்றியது இல்லை. கருவிழியைப் புதுப்பிக்கும் இயல்பான குருத்தணுக்களைப் பற்றியது. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் வளையமான விளிம்பில் அவை குடியிருக்கின்றன. அவற்றுக்கு பி63 என்ற புரதமே அடையாளம் என்று 2001-இல் இத்தாலியக் குழு ஒன்று முன்வைத்திருந்தது. ஆனால் அந்தப் புரதத்தின் சாயம் ஏறும் செல்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். எல்லாமே குருத்தணுவாக இருக்க முடியாது. மதுரைக் குழு செய்தது எளிமையானது, ஆனால் கூர்மையானது. புரதம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். கூடவே, செல்லின் உட்கரு அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரிது என்பதையும் அளந்தார்கள். பி63 மிகுந்து, உட்கரு விகிதமும் பெரிதாக அமைந்த செல்கள் விளிம்பில் ஒரு சிறு கூட்டமாகத் தனித்து நின்றன. நடுக் கருவிழியில் அப்படிப்பட்டவை இல்லை. அத்தோடு விட்டுவிடவும் இல்லை. 2008-இல் வந்த அடுத்த கட்டுரையில், அந்தக் கூட்டம் மெதுவாகவே பிளக்கிறது என்பதையும் சோதித்துக் காட்டினார்கள். ஒரு புரதம், ஒரு உருவ அளவு, ஒரு குடியிருப்பு, ஒரு நடத்தை என நான்கும் ஒரே செல்லைச் சுட்டியபோதுதான் அது குருத்தணு என்ற பேச்சுக்கு எடை கூடியது. திடக்கட்டிப் புற்றில் குறிப்பான் ஆய்வுகளில் பல இந்த நான்கில் முதலாவதோடு நின்றுபோனவை. சாயம் ஏற்றிய ஒரு கண்ணாடித் தகடும் நுண்ணோக்கியும் இருந்தால் அந்த முதலாவதைச் செய்துவிடலாம் என்பதும் அதற்கொரு காரணம். சொன்னால் கசக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கிழங்கைத் தோண்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2017-இல் இரண்டு குழுக்கள் நேரடியாகவே செய்து பார்த்தன. பெருங்குடல் குருத்தணுவின் குறிப்பான் எல்.ஜி.ஆர்.5. பட்டியலில் உள்ளவற்றுள் நம்பகமானது என்று இதைச் சொல்லலாம். 2007-இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு நோயற்ற எலிக்குடலில் அந்தச் செல்லின் வாரிசுகளைப் பின்தொடர்ந்தே அதை நிறுவியது. ஜப்பானில் சாட்டோ குழு, மனிதப் பெருங்குடல் புற்றில் எல்.ஜி.ஆர்.5 உள்ள செல்களை மட்டும் கொல்லும் மரபணு ஏற்பாட்டைப் பொருத்தியது. கட்டி சுருங்கியது. பின்பு ஏற்பாட்டை நிறுத்தியதும், எஞ்சியிருந்த முதிர்ந்த செல்களே மீண்டும் எல்.ஜி.ஆர்.5 செல்களாக மாறிக் கட்டியை வளர்த்தன. கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் குழு எலியில் கண்டதும் இதற்கு இணையானது: முதல் கட்டி அந்தச் செல்கள் இல்லாமலும் அழியாமல் நின்றது, அழிப்பதை நிறுத்தியதும் முன்போல் வளர்ந்தது. கவாத்து முடிந்த கொடியில் உறங்கும் மொட்டு விழிப்பது இப்படித்தான். குருத்தணுத் தன்மை ஒரு சாதியில் பிறந்துவிட்ட உரிமை மாதிரி இல்லை. காலியாகும் பதவியைப் போல, இருந்தவர் போனால் அடுத்தவர் ஏறிக்கொள்கிறார். அப்படியானால் குறிப்பான் காட்டுவது, இந்தக் கணத்தில் அந்தப் பதவியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான்.

இவ்வளவுதான் என்றால் புற்றுக் குருத்தணுக் கருத்தையே தூக்கி எறிந்துவிடலாமே என்று கேட்கலாம். அது அவசரம். 2012-இல் மூன்று குழுக்கள் செல்லைப் பிரித்தெடுத்து வேறு எலியில் நடாமல், கட்டி வளரும் இடத்திலேயே செல்களுக்கு நிறமிட்டும் அழித்தும் பார்த்தன. எலியின் தோல் கட்டியிலும் குடல் கட்டியிலும் மூளைக்கட்டியிலும் எல்லாச் செல்லும் சமமாகப் பங்களிக்கவில்லை. சில செல்களின் வம்சமே கட்டியை நிறைத்தது. மூளைக்கட்டியில் மருந்துக்குப் பிந்திய மறுவளர்ச்சி, அடங்கிக் கிடந்த ஒரு சிறு கூட்டத்திலிருந்துதான் தொடங்கியது. படிநிலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஜெனென்டெக் ஆய்வின் மறுபாதியும் இதையே சொல்கிறது: முதல் கட்டிக்குத் தேவைப்படாத எல்.ஜி.ஆர்.5 செல்கள், ஈரலில் பரவல் உண்டாகவும் நிலைக்கவும் கட்டாயமாகத் தேவைப்பட்டன. ஒரே செல் ஓரிடத்தில் மாற்றத்தக்கது, இன்னோரிடத்தில் மாற்ற முடியாதது. திராட்சைக்குப் பந்தலும் வெளிச்சமும் எப்படியோ, புற்றுச் செல்லுக்குச் சுற்றுப்புறத் திசு அப்படி. படிநிலை உண்மை என்பதால் படியில் நிற்பவருக்கு நிரந்தர அடையாள அட்டை உண்டு என்று ஆகிவிடாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் இத்துறையின் அடிப்படைப் பிழை.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. அடையாளம் துல்லியமோ இல்லையோ, சி.டி.44 மிகுந்த கட்டி உள்ளவர்களுக்கு நோய் மோசமாகப் போகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றனவே, அந்த அளவுக்காவது பயன்படாதா? பயன்படலாம். ஆனால் வாய்ப்புற்றில் இதைப் பயன்படுத்தப் புகுந்தால், வாயின் நோயற்ற மேல்தோலிலேயே சி.டி.44 தாராளமாக இருக்கிறது என்பது முதல் தடையாக நிற்கும். தலை-கழுத்துத் திசுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2008-இலேயே அதைக் காட்டிவிட்டது. எந்த எதிர்ப்புரதம், எத்தனை சதவீதம் சாயம் ஏறினால் 'மிகுதி' என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. அதைவிட முக்கியமாக, கட்டியின் அளவு, கழுத்து நிணநீர்க் கணுவில் பரவியிருக்கிறதா என்ற பழைய விவரங்கள் ஏற்கெனவே சொல்லுவதற்கு மேல் இந்தக் குறிப்பான் எதைக் கூட்டிச் சொல்கிறது என்பதே கேள்வி. சிகிச்சையை மாற்றாத ஒரு கூடுதல் பரிசோதனை, நோயாளியின் வீட்டாருக்கு இன்னொரு ரசீது மட்டுமே.

மருந்துகளின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. சி.டி.44-இன் ஒரு வகையான வி6-ஐக் குறிவைத்து நஞ்சைக் கொண்டுசேர்க்கும் பிவாட்டுசுமாப் மெர்டான்சின் என்ற மருந்து தலை-கழுத்துப் புற்றில் சோதிக்கப்பட்டது. அந்தப் புரதம் நம் தோலிலும் உண்டு. தோல் உரிந்து கழலும் கடும் எதிர்வினையில் ஒரு நோயாளி இறந்ததும் சோதனை நிறுத்தப்பட்டது. 2006-இல் அது பதிவாகியிருக்கிறது. இதைவிடப் பாடம் நிறைந்தது டி.எல்.எல்.3-இன் கதை. சிறுசெல் நுரையீரல் புற்றில் கட்டியைத் தொடங்கும் செல்லின் அடையாளமாக அதை முன்வைத்த ஸ்டெம்சென்ட்ரிக்ஸ் நிறுவனத்தை, 2016-இல் ஆப்வீ 580 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதைக் குறிவைத்து அந்த நிறுவனம் உருவாக்கிய மருந்து 2019-இல் கைவிடப்பட்டது. கதை அங்கே முடிந்திருந்தால் குறிப்பான் பொய் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2024 மே மாதம் அதே டி.எல்.எல்.3-ஐப் பிடித்து, நோயாளியின் டி செல்களை அதன் பக்கம் இழுத்துவரும் டார்லடமாப் என்ற வேறொரு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த மருந்து பலிப்பதற்கு டி.எல்.எல்.3 குருத்தணுவின் முத்திரையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை; புற்றுச் செல்களின் மேல் நிறைய இருந்து, நல்ல செல்களின் மேல் அநேகமாக இல்லாமல் இருந்தால் போதும். பெயரில் இருந்த தத்துவம் உதிர்ந்தபின், பொருள் வேலைக்கு ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமான கருப்பைவாய்ப் புற்றுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் சுதிர் கிருஷ்ணா குழு 2011-இல் இந்தப் புற்றில் சி.டி.66 உள்ள செல்களே நோயை முன்தள்ளுகின்றன என்று காட்டியது. 2012-இல் அமெரிக்கக் குழு ஒன்று, புற்று தொடங்கும் செல்கள் கருப்பைவாயில் இரண்டு வகை மேல்தோல்கள் சந்திக்கும் விளிம்பில் குடியிருப்பவை என்றது. கண்ணிலும் விளிம்பு, இங்கும் விளிம்பு. இவ்விரண்டில் சி.டி.66 இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. விளிம்போ, அதன் செல்களுக்குப் பெயர் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவத்தின் கைக்கு வந்துவிட்டது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை அங்கே தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிப்போன திசு வெளுத்துத் தெரியும். வினிகரில் உள்ள அதே அமிலம். அதுவும் ஒரு குறிப்பான்தான்; எந்தச் செல், எந்தப் படி என்று அதற்குத் தெரியாது. ஆனால் அது பரீட்சையில் உட்கார்ந்தது. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களில் 49,311 பேர் வாழும் ஊர்களில் செவிலியர்கள் இந்தப் பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்தார்கள். மாறுதல் தெரிந்தால் உறைய வைத்து அகற்றினார்கள். 2007-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு: பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட, அந்த ஊர்களில் புற்று 25 சதவீதமும் அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன.

இதை வைத்து அமிலத்தைக் கொண்டாடுவதும் சரியாகாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சுமார் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், அமிலம் சொல்லத்தக்க பலன் தரவில்லை, இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அந்தப் பரிசோதனைக்கே முதலிடம் கொடுத்தது. ஒரு குறிப்பானை இன்னொன்று வென்றது, எது இறப்பைத் தடுத்தது என்ற ஒரே அளவுகோலில். சி.டி.44, சி.டி.133 முதலியவற்றிடம் நாம் இன்னும் கேட்காதது அந்தக் கேள்வியைத்தான்.

திண்டுக்கல் முடிவு வந்த 2007-ஐ ஒட்டி, தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனையை அரசு நிலையங்களில் நடத்திப் பார்க்க முதலில் தேர்ந்துகொண்ட மாவட்டங்கள் இரண்டு: தஞ்சாவூரும் தேனியும். பிறகே அது மாநிலம் முழுவதற்கும் போனது. கம்பம் பள்ளத்தாக்கில் 30 வயதைக் கடந்த பெண்கள், பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.